மொட்டை மாடிக் காற்றாடியில் மிஞ்சும் மின்சாரம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருவான்மியூரில் எங்கள் அடுக்ககத்தின் மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், நெளிந்த இலைகளோடு செங்குத்தாகச் சுழலும் சிறிய காற்றாடி ஒன்று நிற்கிறது. அழகுக்காக வைத்ததுதான். அகலம் 60 சென்டிமீட்டர், உயரம் 1 மீட்டர். இருட்டியதும் அதன் அடியில் நான்கு சிறு விளக்குகள் எரியும். பார்க்க வருகிறவர்கள் முதலில் அழகைப் பாராட்டுவார்கள், அடுத்ததாக “இது தருகிற மின்சாரத்தில் மிச்சத்தை என்ன செய்கிறீர்கள்?” என்று கேட்பார்கள். சிலர் தாங்களும் ஒன்று வாங்கிவிட்டு, காற்று பலமாக அடித்த ராத்திரியில் கவலையோடு தொலைபேசியில் அழைப்பார்கள். அவர்களுக்கெல்லாம் தனித்தனியாகச் சொன்ன பதில்களை இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன். சென்னையில் பட்டத்தைத்தான் காத்தாடி என்பார்கள். இந்தப் பக்கம் முழுவதும் காற்றாடி என்று நான் சொல்வது மின்சாரம் தரும் சிறு காற்றாலையை.

பேட்டரி நிறைந்துவிட்டால் காற்றாடி தானாக மின்சாரம் தருவதை நிறுத்திவிடாதா?

நிறுத்தாது. பலரும் தவறு செய்வது இந்த இடத்தில்தான். சோலார் பலகையின் கம்பியைக் கழற்றிவிட்டால் அது வெயிலில் சும்மா கிடக்கும், ஒரு தீங்கும் நேராது. காற்றாடிக்கு அந்தக் குணம் கிடையாது. அதற்குள் இருக்கும் காந்தமும் கம்பிச்சுருளும், மின்சாரம் எடுக்கப்படும்போது சுழற்சியை எதிர்த்து இழுத்துப் பிடிக்கின்றன. மின்சாரம் எடுப்பதை நிறுத்தினால் அந்தப் பிடி விட்டுப்போகிறது. அடிக்கிற காற்றோ குறைவதில்லை. இலைகள் வேகம் பிடிக்கும், வேகம் ஏற ஏற வோல்டேஜும் ஏறும்.

டைனமோ வைத்த சைக்கிள் ஓட்டியவர்களுக்கு இது நினைவிருக்கும். முன்விளக்கு பல்பு போய்விட்டால், கொஞ்ச நேரத்தில் பின்விளக்கு பல்பும் போய்விடும். இரண்டு பல்புகள் பங்கிட்டுக்கொண்டிருந்த மின்சாரம் ஒரே பல்பின் தலையில் விழுந்ததுதான் காரணம். மாடிக் காற்றாடியிலும் அதே கதை நடக்கும். ஆனால் இங்கே பல்புக்குப் பதில், காற்றாடிக்கும் பேட்டரிக்கும் நடுவில் இருந்து மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலர் எரியும், சில சமயம் இலையே பிய்ந்து பறக்கும்.

ஆகவே மிஞ்சும் மின்சாரம் என்று நான் சொல்வது ஒரு மாதத்துக் கணக்கில் மீந்து நிற்பதை அல்ல. இந்த நிமிடத்தில் காற்றாடி தருவதில் பேட்டரியும் விளக்கும் ஏற்க முடியாமல் நிற்கும் பகுதி அது. அதற்கு ஒரு வழி விட்டே ஆகவேண்டும்.

சென்னையில் மிஞ்சும் அளவுக்குக் காற்று இருக்கிறதா?

பெரும்பாலான நாட்களில் இல்லை என்பதை மனம் திறந்து சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டின் பெரிய காற்றாலைகள் ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் நிற்பதற்குக் காரணம், மேற்குத் தொடர்ச்சி மலையின் கணவாய்கள் தென்மேற்குப் பருவக்காற்றைக் குவித்து அனுப்புவது. சென்னைக்கு அந்த வரம் இல்லை. நாட்டின் காற்று வளத்தை அளக்கிற தேசியக் காற்று சக்தி நிறுவனம் மட்டும் நம் பள்ளிக்கரணையில் இருக்கிறது.

நமக்கு வாய்த்தது கடற்காற்று. கோடையில் மதியத்தை ஒட்டிக் கரையேறி, பெசன்ட் நகர், திருவான்மியூர், காசிமேடு போன்ற கரையோரப் பகுதிகளில் பொழுது சாயும்வரை வீசும். கடலிலிருந்து உள்ளே போகப் போக, கட்டடங்களுக்கு நடுவில் அது சிதறிவிடும்.

கணக்கைப் பாருங்கள். காற்றின் ஆற்றல் அதன் வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறும். வேகம் இரண்டு மடங்கானால் ஆற்றல் எட்டு மடங்கு. எங்கள் காற்றாடி காற்றில் மறைக்கும் பரப்பு 0.6 சதுர மீட்டர். நல்ல கடற்காற்று நொடிக்கு 4 மீட்டர், அதாவது மணிக்கு 14 கிலோமீட்டர் வேகத்தில் வீசும்போது அந்தப் பரப்பில் கடந்துபோகும் ஆற்றலே 22 வாட்தான். இந்த வகைக் காற்றாடி அதில் ஐந்தில் ஒரு பங்கைப் பிடித்தால் 4.5 வாட் கிடைக்கும். நொடிக்கு 8 மீட்டரில் அதே காற்றாடி 36 வாட் தரும். 12 மீட்டரில் 120 வாட். மணிக்கு 58 கிலோமீட்டர் வேகமான 16 மீட்டரில் 285 வாட்.

மிகை எப்போது வருகிறது என்பது இந்த எண்களிலேயே தெரிகிறது. 4.5 வாட் வரும் நாட்களில் மிஞ்ச ஒன்றுமில்லை. ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் மேற்கே கருமேகம் திரண்டு, இடிமழைக்கு முன்னால் புழுதியை வாரிக்கொண்டு ஒரு காற்று வருமே, அந்த அரை மணி நேரத்தில் மிகை வருகிறது. மின்சாரமும் அந்த நேரத்தில்தான் பெரும்பாலும் துண்டிக்கப்படும். நீங்கள் இருட்டில் டார்ச் தேடிக்கொண்டிருக்கும்போது, மாடியில் அறுபது மடங்கு ஆற்றல் வந்து இறங்கும்.

என்னுடைய காற்றாடியின் பெட்டியில் 1000 வாட் என்று அச்சிட்டிருக்கிறார்களே?

இலையின் அகலத்தையும் உயரத்தையும் அளந்து பெருக்குங்கள். எங்களுடையதைப் போல 0.6 சதுர மீட்டர்தான் என்றால், மணிக்கு 43 கிலோமீட்டர் காற்றில்கூட அதன் வழியே போகும் மொத்த ஆற்றல் 600 வாட். காற்றின் ஆற்றலில் 59.3 விழுக்காட்டுக்கு மேல் எந்தக் காற்றாடியாலும் பிடிக்க முடியாது. ஜெர்மானிய இயற்பியலாளர் ஆல்பர்ட் பெட்ஸ் காட்டிய எல்லை அது. ஆக, எல்லாம் கச்சிதமாக இருந்தாலும் 356 வாட்தான் உச்சம். 1000 வாட் என்ற எண்ணை மறந்துவிட்டு, உங்கள் கையால் அளந்த பரப்பை வைத்தே மற்ற எல்லாக் கணக்கையும் போடுங்கள்.

நிறைந்த பேட்டரிக்குள் தொடர்ந்து மின்சாரம் போனால் என்ன ஆகும்?

ஈய அமில பேட்டரியை எடுத்துக்கொள்வோம். 12 வோல்ட் பேட்டரி 14.4 வோல்ட்டை நெருங்கும்போது ஏறக்குறைய நிறைந்திருக்கும். அதற்கு மேலும் திணித்தால், உள்ளே இருக்கும் தண்ணீர் ஹைட்ரஜனாகவும் ஆக்ஸிஜனாகவும் பிரியும். மூடிய அறையில் காற்றில் 4 விழுக்காடு ஹைட்ரஜன் சேர்ந்தாலே ஒரு சிறு பொறி போதும், வெடிக்கும். தண்ணீர் வற்றி, தகடுகள் வெளியே தெரிந்து, பேட்டரியும் வீணாகும்.

சென்னை வெயிலுக்காக இன்னொரு திருத்தம் வேண்டும். 14.4 என்பது 25 டிகிரி வெப்பத்துக்கான அளவு. அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் 0.024 வோல்ட் அளவுக்குக் குறைத்துக்கொள்ள வேண்டும். மே மாதத்தில் மாடி அறைக்குள் 40 டிகிரி இருந்தால், 14.0 அல்லது 14.1 வோல்ட்டிலேயே நிறுத்துவது நல்லது. வெப்ப உணரி உள்ள கன்ட்ரோலர் இதைத் தானே பார்த்துக்கொள்ளும். அது இல்லாதவர்கள் ஏப்ரல் மாதத்தில் ஒருமுறையும் மழைக்காலத்தில் ஒருமுறையும் கையால் மாற்றி அமைக்கலாம்.

வீட்டில் ஏற்கெனவே இன்வெர்ட்டர் பேட்டரி இருக்கிறது. 150 ஆம்பியர் மணி. அதிலேயே இணைத்துவிட்டால் மிகைப் பிரச்சினை தீர்ந்துவிடாதா?

தீராது. சொல்லப்போனால் கூடிவிடும். இன்வெர்ட்டர் என்ன செய்கிறது? மின்வாரிய மின்சாரம் இருக்கும்வரை பேட்டரியை விளிம்புவரை நிரப்பியே வைத்திருக்கிறது. சென்னையில் நாளின் பெரும்பகுதி மின்சாரம் இருக்கிறது. அப்படியென்றால் உங்கள் காற்றாடி எப்போது சுழன்றாலும் எதிரே நிறைந்த பேட்டரிதான் நிற்கும். அது தரும் ஒவ்வொரு வாட்டும் மிகையாகிவிடும். பெரிய குடம்தான், ஆனால் எப்போதும் குழாயடியில் நிரம்பி வழிந்துகொண்டிருக்கிற குடம்.

காற்றாடிக்குத் தனியாக ஒரு சிறு பேட்டரி வையுங்கள். 40 ஆம்பியர் மணி போதும். மாலை விளக்குகளை அதிலிருந்து மட்டும் எரியவிடுங்கள். ஒவ்வொரு இரவும் பேட்டரி கொஞ்சம் காலியானால்தான் மறுநாள் காற்றுக்கு அதில் இடம் இருக்கும். மிகையைக் குறைக்க எனக்குத் தெரிந்த மிக எளிய வழி இந்த விளக்குகள்தான். மாடிப்படியில் ஒன்று, துளசி மாடத்தருகே ஒன்று என்று இரண்டு விளக்கைக் கூடுதலாகப் போட்டதிலேயே எங்கள் வீட்டில் கடற்காற்று நாட்களின் மிகை முழுவதும் காணாமல் போனது. மிச்சம் இருந்தது புயற்காற்று நேரத்து மிகை மட்டும்.

சோலார் கன்ட்ரோலரைப் பயன்படுத்தலாமா?

கூடாது. சோலார் கன்ட்ரோலர் பேட்டரி நிறைந்ததும் இணைப்பைத் துண்டித்துவிடும். காற்றாடிக்குத் துண்டிப்புதான் ஆபத்து. காற்றாடிக்கு என்றே செய்த கன்ட்ரோலரை வாங்குங்கள். அதில் பேட்டரிக்கான முனைகளைத் தவிர, மிகையைக் கொண்டுபோய்விட வேறொரு முனை இருக்கும், அல்லது காற்றாடியை மெதுவாக்கும் பிரேக் ஏற்பாடு இருக்கும். இரண்டும் இல்லாத பெட்டியை, எத்தனை மலிவாக வந்தாலும், வாங்காதீர்கள்.

டம்ப் லோடு என்கிறார்களே, அது என்ன? எவ்வளவு பெரியதாக வேண்டும்?

ஏரிக்குக் கலங்கல் எப்படியோ, காற்றாடிக்கு டம்ப் லோடு அப்படி. ஏரி வெட்டிய நம் முன்னோர் கரையை மட்டும் கட்டிவிட்டுப் போகவில்லை. நிறைந்தபின் நீர் எங்கே வழியவேண்டும் என்பதையும் சேர்த்தே கட்டினார்கள். கலங்கல் இல்லாத ஏரி முதல் பெருமழையிலேயே கரை உடையும். காற்றாடியின் கலங்கல் ஒரு தடித்த ரெசிஸ்டர். பேட்டரி நிறைந்ததும் கன்ட்ரோலர் மிகையை அதற்குள் திருப்பிவிடும், அது சூடாகி, வெப்பம் காற்றில் கலந்துவிடும். வீணாகிறதே என்று வருந்த வேண்டாம். காற்றாடியின் மீது சுமை எப்போதும் இருக்கவேண்டும் என்பதற்காகவே அது அங்கே இருக்கிறது.

அளவு போடும் கணக்கு எளியது. வோல்டேஜை அதனாலேயே பெருக்கி, வாட்டால் வகுத்தால் ரெசிஸ்டருக்கு வேண்டிய மின்தடை ஓம் கணக்கில் கிடைக்கும். 14.4 வோல்ட்டில் 300 வாட்டைச் செலவழிக்க 0.69 ஓம் வேண்டும். அப்போது கம்பியில் ஓடுவது 21 ஆம்பியர்.

மின்னணுப் பொருள் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் அலுமினிய உறை போட்ட 1 ஓம், 100 வாட் ரெசிஸ்டர் கேட்டால் கிடைக்கும். அதில் ஒன்றை அப்படியே 14.4 வோல்ட்டில் மாட்டினால் 207 வாட் அதன்மேல் விழும். 100 வாட் தாங்கும் பொருளுக்கு இரட்டைச் சுமை, சில நிமிடங்களில் கருகிவிடும். நான் செய்திருப்பது இப்படி: இரண்டிரண்டாகத் தொடரில் இணைத்து, அப்படிப்பட்ட மூன்று ஜோடிகளைப் பக்க இணைப்பில் சேர்த்தேன். மொத்தம் ஆறு ரெசிஸ்டர்கள். கூட்டுத் தடை 0.67 ஓம், மொத்தச் செலவழிப்பு 311 வாட், ஒவ்வொன்றின் மீதும் 52 வாட்தான். தாங்கும் திறனில் பாதி. ஒரு ஜோடி போய்விட்டாலும் மீதி இரண்டு ஜோடிகள் 207 வாட்டை எடுத்துக்கொள்ளும். எனக்கு அந்த நிம்மதி முக்கியம்.

இவ்வகை ரெசிஸ்டரைக் கனமான அலுமினியத் தகட்டில் திருகி வைத்தால்தான் அதன் முழுத் திறனும் கிடைக்கும். தகட்டைச் செங்கல் சுவரில், மழை படாத, ஆனால் காற்று தாராளமாக ஓடும் இடத்தில் பொருத்துங்கள். மேலே கம்பி வலை மூடி போடுங்கள். பிளைவுட் பலகை வேண்டாம். வடாம் காயும் துணியும், உலர்ந்த தென்னங்கீற்றும், துணிக்கொடியும் அதன் அருகே வரக்கூடாது. பேட்டரி இருக்கும் பெட்டிக்குள் ரெசிஸ்டரை வைப்பது கூடவே கூடாது. ஹைட்ரஜனைப் பற்றி மேலே சொன்னது நினைவிருக்கட்டும். இணைப்புக்கு 6 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி போடுங்கள், நீளம் குறைவாக இருக்கட்டும்.

அந்த மிகையில் வெந்நீர் போடலாமே? மோட்டார் ஓட்டலாமே?

ஆசை நியாயமானது. எதற்கு ஒத்துவரும், எதற்கு வராது என்று பார்ப்போம்.

வீட்டு கீசரின் சூடேற்றும் கம்பி 230 வோல்ட்டுக்குச் செய்தது. 1500 வாட் கம்பியின் தடை 35 ஓம். அதற்கு 14.4 வோல்ட் கொடுத்தால் 6 வாட்கூட எடுக்காது. எனவே அது சுமையாகவே பயன்படாது. 12 வோல்ட் கம்பி வாங்கினாலும், கடற்காற்று நாளொன்றில் ஐந்து மணி நேரத்தில் கிடைக்கும் 22 வாட் மணி ஆற்றல், 10 லிட்டர் தண்ணீரின் வெப்பத்தை இரண்டு டிகிரிகூட ஏற்றாது. மே மாதச் சென்னையில் தொட்டித் தண்ணீரே கையைச் சுடும்போது அது யாருக்கு வேண்டும்?

தண்ணீரை மேலேற்றுவது வேறு விஷயம். 100 லிட்டரை 10 மீட்டர் உயர்த்த, சிறு பம்பின் இழப்புகளையெல்லாம் சேர்த்தாலும் 9 வாட் மணி அளவில் முடிந்துவிடும். அதே 22 வாட் மணி இங்கே 240 லிட்டருக்குப் போதும். தமிழ்நாட்டில் 2003 முதல் மழைநீர் சேகரிப்பு எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாகியிருக்கிறது. மழைநீர்ப் பீப்பாயிலிருந்து மாடித் தோட்டத்துச் செடிகளுக்கு 12 வோல்ட் பம்பில் நீர் விடுவதுதான் இந்த மிகைக்கு நான் கண்ட மிக நல்ல வேலை. எங்கள் கீரையும் வெண்டையும் அப்படித்தான் வளர்கின்றன. பேட்டரி அறையிலிருந்து சூட்டை வெளியேற்றும் சிறு மின்விசிறியும் நல்ல பயன்தான்.

ஆனால் ஒரு விதியை விட்டுக்கொடுக்காதீர்கள். தானாக அணையக்கூடிய எதுவும் கடைசிச் சுமையாக இருக்கக் கூடாது. பீப்பாய் வற்றினால் பம்ப் நிற்கும். சூடு ஏறினால் தெர்மோஸ்டாட் கம்பியை அணைக்கும். மின்விசிறியில் அணில் கூடு கட்டினால் அதுவும் நிற்கும். அந்த நிமிடத்தில் காற்றாடி சுமையிழந்து ஓடத் தொடங்கும். முதலில் பேட்டரி, அடுத்து பம்ப், எல்லாம் நின்றாலும் எடுத்துக்கொள்ள ரெசிஸ்டர் என்று வரிசைப்படுத்துங்கள். இதற்கு இரண்டு வோல்டேஜ் நிலைகள் போதும். 13.8 வோல்ட்டில் பம்பை இயக்குங்கள், 14.2 வோல்ட்டில் ரெசிஸ்டர் உள்ளே வரட்டும். ஒவ்வொன்றும் இயங்கும் அளவுக்கும் அதே சுமை அணையும் அளவுக்கும் இடையே அரை வோல்ட்டாவது இடைவெளி விடுங்கள். இல்லாவிட்டால் சுமையைப் போட்டு அணைக்கும் மின் ஸ்விட்சான ரிலே நொடிக்கொருமுறை டக் டக்கென்று அடித்துத் தேய்ந்துவிடும்.

பழைய கார் முன்விளக்கு பல்புகளை டம்ப் லோடாக வைக்கலாமா?

பரிசோதனைக்கு வைக்கலாம், நம்பி விட்டுவிட்டுப் போகக்கூடாது. பல்பின் இழை ஒருநாள் அறுந்தே தீரும். அறுந்தால் சுமை போயிற்று. ரெசிஸ்டருக்குப் பக்கத்தில் ஒரே ஒரு பல்பை அடையாள விளக்காக வைப்பது நல்ல யோசனை. அது எரிந்தால் மிகை ஓடுகிறது என்று கீழிருந்தே தெரிந்துகொள்ளலாம்.

லித்தியம் பேட்டரி வாங்கினால் இந்தத் தொல்லை குறையுமா?

வேறு விதமான தொல்லை வரும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரிக்குள் ஒரு காவல் பலகை இருக்கிறது. வோல்டேஜ் எல்லை தாண்டினால் அது கண்ணிமைக்கும் நேரத்தில் பேட்டரியைத் துண்டித்துவிடும். பேட்டரிக்கு அது பாதுகாப்பு. காற்றாடிக்கோ முழுச் சுமையும் சட்டென்று அறுந்த நிலை. வோல்டேஜ் துள்ளி ஏறி, கன்ட்ரோலரைச் சாகடிக்கும். 14.6 வோல்ட்டில் பலகை துண்டிக்கும் என்றால், உங்கள் ரெசிஸ்டர் 14.0 வோல்ட்டிலேயே வேலையைத் தொடங்கும்படி வையுங்கள். பேட்டரி இல்லாவிட்டாலும் காற்றாடியை நேரடியாக ரெசிஸ்டரோடு பிடித்துவைக்கக்கூடிய கன்ட்ரோலர்தானா என்பதை வாங்குமுன் கேட்டு உறுதிசெய்யுங்கள்.

மிகையை மின்வாரியத்துக்குக் கொடுத்துக் கட்டணத்தைக் குறைக்க முடியாதா?

இந்த அளவுக்கு அது பொருந்தாது. நாளொன்றுக்கு 22 வாட் மணி என்றால் ஆண்டு முழுவதும் 8 யூனிட். இடிமழைக் காற்றையெல்லாம் சேர்த்து இரட்டிப்பாக்கினாலும் 16. தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசமாகக் கிடைக்கிறது. மின்வாரிய மின்கம்பியோடு இணையும் இன்வெர்ட்டரின் விலைகூடத் திரும்பாது.

பணத்தைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. அனுமதி இல்லாமல் சாதாரண இன்வெர்ட்டரை வீட்டு பிளக்கில் செருகி, மின்சாரத்தை உள்ளே தள்ளுகிற வேலையைச் சிலர் செய்து பார்க்கிறார்கள். தெருவில் மின்சாரத்தை நிறுத்திவிட்டு, கம்பத்தில் ஏறிப் பழுது பார்க்கும் லைன்மேனின் கைக்கு உங்கள் மின்சாரம் போய்ச் சேரும். மழையில் நனைந்தபடி நமக்காக ஏறி நிற்கிறவர் அவர். தயவுசெய்து செய்யாதீர்கள்.

பிரேக் ஸ்விட்ச் எதற்கு?

காற்றாடியிலிருந்து கீழே மூன்று கம்பிகள் வரும். அந்த மூன்றையும் ஒன்றோடொன்று சேர்த்துவிட்டால், காந்தத்தின் பிடி முழுதாக இறுகி, இலைகள் ஊர்ந்து ஊர்ந்துதான் சுழலும். அதைச் செய்வதுதான் பிரேக் ஸ்விட்ச். டம்ப் லோடு கெட்டுப்போனால் உங்களுக்கு இருக்கும் இரண்டாவது அரண் இது. கன்ட்ரோலருக்கு முன்னால், காற்றாடிப் பக்கமாக, தனி ஸ்விட்சாகப் பொருத்துங்கள். முழு வேகத்தில் சுழலும்போது போட்டால் பெரும் மின்னோட்டம் ஓடிச் சுருள் வெந்துவிடும். காற்று தணிந்த நேரம் பார்த்துப் போடுங்கள், அல்லது காற்று வருமுன் போட்டுவிடுங்கள்.

பேட்டரியைக் கழற்ற வேண்டுமானால் என்ன வரிசை?

முதலில் பிரேக், பிறகு பேட்டரி. மறுபடி மாட்டும்போது முதலில் பேட்டரி, கடைசியில் பிரேக்கை விடுவிக்கவேண்டும்.

இதை நான் கற்றுக்கொண்ட நாள் மறக்காது. ஒரு மே மாத மாலை, பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றலாம் என்று முனையைக் கழற்றினேன். மேலே கடற்காற்றில் காற்றாடி உற்சாகமாகச் சுழன்றுகொண்டிருந்தது. சில நொடிகளில் கன்ட்ரோலரிலிருந்து ஒரு “பட்” சத்தம், பிறகு எரிந்த பிளாஸ்டிக் வாடை. விற்றவர் இதைச் சொல்லவில்லை, கூட வந்த துண்டுச் சீட்டிலும் இல்லை. அதற்குப் பிறகுதான் பிரேக் ஸ்விட்சின் மூடியில் “முதலில் இது” என்று சிவப்பு எழுத்தில் எழுதி ஒட்டினேன்.

பியூஸ் விஷயத்திலும் இதே எச்சரிக்கை. பேட்டரிக்கு அருகே நேர்மின்சாரத்துக்கான பியூஸ் அவசியம். ஆனால் அந்த பியூஸ் போனாலும் காற்றாடிக்கும் ரெசிஸ்டருக்கும் உள்ள இணைப்பு அறாதபடி, ரெசிஸ்டரைப் பியூஸுக்குக் காற்றாடிப் பக்கமாக இணையுங்கள்.

புயல் வந்தால் டம்ப் லோடு காப்பாற்றுமா?

காப்பாற்றாது. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா கரையைக் கடந்தபோது மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் காற்று அடித்து, நகரெங்கும் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தது. நொடிக்கு 10 மீட்டர் காற்றோடு ஒப்பிட்டால், 30 மீட்டர் காற்றில் ஆற்றல் 27 மடங்கு. அலங்காரக் காற்றாடியின் எந்த ரெசிஸ்டரும் அதற்குச் செய்ததல்ல. பிரேக்கையும் நம்ப முடியாது.

வானிலை மையம் புயல் எச்சரிக்கை கொடுத்து, துறைமுகத்தில் கூண்டு ஏற்றிவிட்டார்கள் என்றால், காற்று இன்னும் மெதுவாக இருக்கும்போதே பிரேக் போட்டு, இலைகளைக் கயிற்றால் தூணோடு கட்டி, முடிந்தால் காற்றாடியைக் கழற்றிக் கீழே கொண்டுவந்துவிடுங்கள். எங்கள் வீட்டில் அக்டோபர் மாதமே கழற்றி, ஜனவரியில் பொங்கலுக்கு முன் மறுபடி ஏற்றுகிறோம். வடகிழக்குப் பருவமழை முழுவதும் அது படிக்கட்டின் கீழே தூங்கும். பக்கத்து வீட்டுக் குழந்தைகள் நடமாடும் முற்றத்தின்மேல் ஒரு இரும்புத் துண்டு பறந்து விழும் வாய்ப்பை நான் ஏற்கத் தயாரில்லை.

தோட்டத்தில் குத்திவைக்கும் பொம்மைக் காற்றாடிக்கும் இதெல்லாம் வேண்டுமா?

வேண்டாம். உள்ளே இருப்பது விளையாட்டுப் பொருளில் வரும் அளவு மோட்டாரும் ஒன்றிரண்டு எல்இடி விளக்குகளும்தான். பலத்த காற்றில் விளக்கு அடிக்கடி எரிந்துபோனால், முனைகளுக்குக் குறுக்கே 5.6 வோல்ட், 5 வாட் ஜீனர் டையோடு ஒன்றைப் போடுங்கள். வோல்டேஜ் அந்த அளவைத் தாண்டினால் மிகையை அது தன் வழியே விட்டுவிடும். அந்தச் சிறு காற்றாடிக்கு அதுவே கலங்கல்.

பராமரிப்பில் எதைக் கவனிக்க வேண்டும்?

உப்புக்காற்றைத்தான் முதலில் சொல்வேன். கடற்கரைக்கு ஒரு கிலோமீட்டருக்குள் இருந்தால், ரெசிஸ்டரின் திருகு முனைகளில் பச்சை பூத்துவிடும். பச்சை பூத்த முனை மின்சாரத்தைக் கடத்தாது. டம்ப் லோடு கண்ணுக்கு இருக்கும், காற்றாடிக்கு இருக்காது. மாதம் ஒருமுறை முனைகளைக் கழற்றித் துடைத்து, வாசலின் பூசி இறுக்குங்கள். கழற்றுமுன் பிரேக் போடுங்கள்.

மாஞ்சா நூலையும் பாருங்கள். தடை இருந்தும் விடுமுறை நாட்களில் அறுந்த நூல் மாடிகளில் விழுகிறது. அச்சில் சுற்றிக்கொண்டால் பேரிங் கெடும். வெறுங்கையால் இழுக்காமல், காற்றாடியை நிறுத்திவிட்டுக் கத்தரியால் வெட்டி எடுங்கள்.

கடைசியாக, டம்ப் லோடு உண்மையிலேயே வேலை செய்கிறதா என்ற சோதனை. பேட்டரியைச் சிறிய சார்ஜரால் முழுதாக நிரப்புங்கள். கடற்காற்று வீசும் மாலையில் கன்ட்ரோலரின் எல்லை அளவைத் தற்காலிகமாக 13.2 வோல்ட்டுக்குக் குறையுங்கள். அடையாள பல்பு எரியவேண்டும், சற்று நேரத்தில் அலுமினியத் தகடு வெதுவெதுப்பாகவேண்டும், காற்றாடியின் வேகம் கொஞ்சம் தளரவேண்டும். மூன்றும் நடந்தால் அளவைப் பழைய இடத்துக்கு ஏற்றிவிட்டுக் கீழே இறங்கலாம். ஒன்று நடக்காவிட்டாலும், பிரேக்கைப் போட்டுவிட்டு, காரணம் தெரியும்வரை விடுவிக்காதீர்கள்.